ஒன்பதில் நிறுத்திய டயல்கள்

கிளாடிஸுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை என்று முதலாளி சென்னியப்பன் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கிளாடிஸ் அவருடைய முதுகுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"வயசாச்சுங்க சார். போன வருசம் புரை ஆப்பரேசன் வேற பண்ணுனாங்க. நல்ல மனுசிங்க, தப்புச் சொல்ல முடியாதுங்க. ஆனா பாருங்க, கண்ணுன்னு ஒண்ணு இருக்குதுல்லீங்க."

என்ன மரியாதை. வார்த்தைக்கு வார்த்தை ஒரு 'ங்க'. கும்பிட்டுக்கொண்டே அடிக்கிற ஊர் இது. ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பியவர், அக்கா எப்ப வந்தீங்க என்று கேட்டார். நீங்க என்ற கண்ணப் பத்திப் பேச ஆரம்பிக்கறப்பவே வந்துட்டனுங்க என்றாள். அவர் மேசைமேல் இருந்த டீயை எடுத்துக் குடித்தார். ஆறிப்போன டீ. அதைக் குடிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

சூலூரிலிருந்து உள்ளே போகிற ரோட்டில், தறிக் குடோன்களுக்கு நடுவில் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். சென்னியப்பனின் அப்பா காலத்தில் மோட்டார் பம்புக்குச் சாமான் கடைந்தார்கள். இப்போது பட்டாளத்துக்கு. ஸ்னைப்பர் என்கிறார்களே, எங்கேயோ மறைந்து படுத்துக்கொண்டு வெகு தூரத்தில் இருக்கிறவனைக் குறிபார்த்துச் சுடுகிறவன், அவனுடைய துப்பாக்கிமேல் மாட்டுகிற தொலைநோக்கி. கண்ணாடியும் குழாயும் வேறு எங்கிருந்தோ வரும். அதன் தலையில் திருகுகிற டயலைச் செய்து, பூட்டி, சரிபார்த்து அனுப்புவது இங்கே. டயலைச் சுற்றி ஒன்று முதல் பத்து வரை நம்பர். மூன்று என்றால் முந்நூறு மீட்டர், ஒன்பது என்றால் தொள்ளாயிரம். குண்டு போகப் போகக் கீழே இறங்குமாம். அதனால் தூரத்துக்குத் தகுந்தபடி டயலைத் திருகினால், உள்ளே தெரிகிற குறிக்கோடு அந்த அளவுக்கு நகர்ந்துகொடுக்கும். திருகும்போது டிக், டிக் என்று விரலுக்குத் தெரியும். எவ்வளவு தூரம் திருகினாலும், பழைய நம்பருக்குக் கொண்டுவந்தால் கோடும் பழைய இடத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அந்தத் தொலைநோக்கி பொய் சொல்கிறது. சுடுகிறவனுக்கு அது தெரியாது.

பொய் சொல்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் கிளாடிஸின் வேலை. பெஞ்சில் பூட்டி, எதிரே விளக்குப் பெட்டிக்குள் தெரிகிற கட்டத்தில் கோட்டை நிறுத்தி, கடைசி நம்பர் வரைக்கும் போய் வருவாள். சரியாக இருந்தால் பெட்டியில் வைத்து மூடி, தன் கையெழுத்துப் போட்ட ஸ்டிக்கரை மூடியின் வாயில் ஒட்டுவாள். ஆர்டர் தருகிற கம்பெனியில் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தால் அதற்குமேல் எதுவும் கேட்கமாட்டார்கள். புரை எடுத்தது இடது கண்ணில். அவள் பார்ப்பது வலது கண்ணால். அது சென்னியப்பனுக்கு நன்றாகத் தெரியும். ஆப்பரேஷனுக்கு முன்னாலேயே வந்து, எந்தக் கண்ணுங்க்கா, வேலைக்கு இடைஞ்சல் வராதுங்களே என்று விசாரித்தவர்.

கம்பெனியில் துப்பாக்கியில் மாட்டிச் சுட்டுப் பார்த்திருக்கிறார்கள். முதலில் மூன்றில் வைத்துச் சுட்டால் நடு மையத்தில் விழுகிறது. எட்டுக்குத் திருகி, மறுபடியும் மூன்றுக்கு வந்து சுட்டால் ஒரு சாண் தள்ளிப் போகிறது. இன்னொன்றை மாட்டினால் அது வேறு பக்கம் போகிறது. லோடு முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளாடிஸ் கையெழுத்து ஒட்டியிருந்த பெட்டிகள் அத்தனையும் அன்றைக்குக் காலையில் வேனில் வந்து இறங்கியிருந்தன.

அவள் ஒரு பெட்டியைத் திறந்து டயலைத் திருகினாள். டிக் என்று வர வேண்டிய இடத்தில் களிமண்ணைத் திருகுவதுபோல் இருந்தது. திருகுச் சாவியைப் போட்டு டயலைக் கழற்றினாள். உள்ளே, டிக் என்று சின்ன இரும்பு உருண்டை போய் விழுகிற பள்ளங்களில், சிவப்பாக ஏதோ அப்பியிருந்தது. துருவோ என்று விரலை விட்டுத் தேய்த்து மோந்து பார்த்தாள். சந்தனமும் தேங்காய் எண்ணெயும் மணத்தது. குங்குமம்.

பக்கத்துப் பெஞ்சில் டயல் பூட்டுகிற இளவேனில் தலையைத் தூக்கவே இல்லை. கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள், வாயாடி. அவள் தலையைத் தூக்காமல் இருக்கிறாள் என்றால் அதுவே பதில்தான்.

"ஏம்புள்ள," என்றாள் கிளாடிஸ், "நீயே சொல்றயா, நான் கேக்கட்டுமா?"

இளவேனில் சொன்னாள். ஆயுத பூஜைக்கு கிளாடிஸ் ஊரில் இல்லை. தங்கை மகள் கரோலினுக்குப் பொள்ளாச்சியில் நிச்சயம். மற்ற வருடமெல்லாம் இருப்பாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி என்றாலும் லேத்தைத் துடைத்துக் கொடுப்பதும், பொரியும் கடலையும் பொட்டலம் கட்டுவதும் அவள்தான். இந்த வருடம் சென்னியப்பனின் அக்கா பாவாத்தாள் வந்திருக்கிறார். மிஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து முடித்துவிட்டு, சுவரோரம் அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்து இது என்ன என்று கேட்டிருக்கிறார். பட்டாளத்துச் சாமான் என்றதும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருசமா பம்பையும் ஸ்பேனரையும் ஆயுதம்னு கும்பிட்டோம், இப்பத்தான் நம்ம எடத்துக்கு நெசமான ஆயுதம் வந்திருக்குது, அதப் பெட்டிக்குள்ள போட்டு வெச்சுப்போட்டு என்னத்தடா பூசை பண்றே என்றிருக்கிறார். சென்னியப்பனுக்கு அக்கா சொன்னால் சொன்னதுதான்.

சீல் கிழியக் கூடாது. அதற்கு இளவேனிலின் ஹேர் ட்ரையர். சூடு காட்டிக் காட்டி ஒவ்வொரு ஸ்டிக்கராக உரித்து எடுத்தார்கள். தொலைநோக்கிகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொரு டயல் தலையிலும் சந்தனம், சந்தனத்துக்கு மேல் குங்குமம். போட்டோ எடுக்கும்போது பாவாத்தாள் இன்னொன்றும் சொன்னார். ஒன்பதுதான் தம்பிக்கு ராசி. வேன் நம்பர் கூட்டினாலும் ஒன்பது. எல்லாத்தையும் ஒன்பதுல நிறுத்து. குங்குமத்தோடு திருகி ஒன்பதில் நிறுத்தினார்கள். பூஜை முடிந்ததும் பொட்டு போகவில்லை என்று எண்ணெய்த் துணியால் துடைத்தார்கள். டயலுக்கு மேல்மூடி கம்பெனியில்தான் போடுவது வழக்கம். இங்கிருந்து போகும்போது டயலுக்கு அடியில் ஒரு முடி நுழைகிற சந்து இருக்கும். எண்ணெயும் குங்குமமும் அந்தச் சந்து வழியாக உள்ளே இறங்கிவிட்டன. பிறகு பெட்டிக்குள் வைத்து, அதே ஸ்டிக்கரை அதே இடத்தில் ஒட்டி, லோடை வேனில் ஏற்றித் தாட்டிவிட்டார்கள்.

"நீ உரிச்சயா?"

"நாந்தானுங்க்கா."

"ஒட்டறப்ப என்ற பேரு தெரிஞ்சுதா?"

இளவேனில் அழுதாள். கிளாடிஸுக்கு அந்த அழுகையும் எரிச்சலாக இருந்தது. அழுதால் முடிந்துபோகும் காரியமா.

சென்னியப்பனிடம் போய்க் கழற்றிய டயலை மேசைமேல் வைத்தாள். அவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தெரியுமுங்க்கா என்றார். தெரிந்துதான் கண்ணைச் சொல்லியிருக்கிறார். உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னார். சீல் வைத்த பெட்டியைத் திறந்தோம் என்று வெளியே தெரிந்தால் இனி ஒரு டயலுக்குக்கூட நமக்கு ஆர்டர் தரமாட்டார்கள். இங்கே இருக்கிற அத்தனை பேரும் மறுபடி தறிக்குப் போக வேண்டியதுதான். பார்த்தவருக்குக் கண் சரியில்லை என்றால் ஆளை மாற்று என்பார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாள் ஊட்டுல இருங்க, அடங்குனதும் நானே வந்து கூப்பிடறேன்.

"நாளைக்குக் கம்பெனியிலருந்து கோவிந்தராஜுலு சார் நேர்ல வாராருங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். தலைய மட்டும் ஆட்டுனாப் போதுமுங்க."

"ஆட்டுனா அப்பறம் ஊருக்குள்ள என்னைய எவன் வேலைக்கு வெப்பான்? கண்ணால பாக்கற வேலைக்கு, கண்ணு போனவள?"

அவர் டயலை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார்.

காந்திபுரத்தில் பஸ் மாறி, துடியலூரில் இறங்கி வீட்டுக்கு வருகிறவரைக்கும் அவளுக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது. புருசன் தேவதாஸ் மில்லில் இருந்து ஓய்வு பெற்றவர். முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சிரித்தார். ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போறவ திங்கக்கெழமை துப்பாக்கிக்குக் கண்ணு செய்யப் போனா இப்படித்தான், கர்த்தரே பாத்து உன்ற கண்ணப் புடுங்கிட்டார் போ என்றார். அவள் சிரிக்கவில்லை. அவர் கீரையைக் கீழே வைத்தார்.

"சொல்லிப்போடு. உள்ளத உள்ளபடி சொல்லிப்போட்டு வா. ஆனா ஒண்ணு. குங்குமம்னு உன்ற வாய்ல வந்துச்சுன்னா, அது குங்குமமா இருக்காது. வேதக்காரி பூசையக் கொறை சொல்றான்னு ஆயிப்போகும். அதுக்கும் தயாராப் போ."

அதுவும் அவளுக்குத் தெரியும். குங்குமத்தின்மேல் அவளுக்கு என்ன கோபம்? அவள் கோபம் ஸ்டிக்கரின்மேல். திறந்தது அவர்கள், மூடியது மட்டும் அவளாம்.

மறுநாள் கோவிந்தராஜுலு வந்தார். கம்பெனியில் தரம் பார்க்கிற அதிகாரி. பீளமேட்டுக்காரர், வழுக்கை, சட்டைப் பையில் இரண்டு பேனா. வருகிறவருக்குத் தன் கையால் காபி போட்டுக் கொடுக்க வேண்டும் என்று பாவாத்தாளும் வந்து உட்கார்ந்திருந்தார். சென்னியப்பன் நேற்று ஃபோனில் சொன்னதையே இன்னும் இரண்டு 'ங்க' சேர்த்துச் சொன்னார். கோவிந்தராஜுலு கிளாடிஸைப் பார்த்து, பரவாயில்லைங்க மேடம், எல்லாருக்கும் வர்றதுதான், எங்கம்மாவுக்கும் இப்படித்தான் என்று ஆறுதல் வேறு சொன்னார்.

கிளாடிஸ் தலையை ஆட்டவில்லை.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுங்க சார். நான் மூடுன பெட்டிய இவங்க தொறந்திருக்காங்க. தொறந்து, டயல்ல சந்தனமும் குங்குமமும் வெச்சு, திருகி, எண்ணெய் போட்டுத் தொடச்சு, மறுபடியும் என்ற ஸ்டிக்கரையே ஒட்டித் தாட்டியுட்டாங்க. வேணுமுன்னாக் கழட்டிப் பாருங்க."

பாவாத்தாள் காபி டம்ளரை நங்கென்று வைத்தார்.

"பாத்தியா சென்னியப்பா. நான் அப்பவே சொன்னேன். சாமிக்கு வெச்ச பொட்டு இவ கண்ணுல குத்துது. வேதக்காரிய உள்ள உட்டா இதுதான். இவங்காத்தா நம்ம தோட்டத்துல பருத்தி எடுத்தவடா, நம்ம முன்னால நின்னு பேசமாட்டா. இவ பேசறா பாரு."

"எங்காத்தா பேசாததையுஞ் சேத்துத்தானுங்க நான் பேசறேன்," என்றாள் கிளாடிஸ். "நீங்க குங்குமம் வெச்சதுக்கு நான் ஒரு வார்த்த சொன்னனுங்களா? எத்தன வருசம் உங்க பூசைக்கு லேத்து தொடச்சிருக்கேன். வெச்சுப்போட்டு எங்கிட்ட சொல்லியிருந்தா, ஒவ்வொண்ணாக் கழட்டிக் கழுவி மறுபடியும் பாத்துக் குடுத்திருப்பேன். சொல்லுல. என்ற பேரத் தூக்கி மேல ஒட்டிப்போட்டு, தப்பு வந்ததும் என்ற கண்ணு நொள்ளைன்னு சொல்றீங்க. அதுக்குத்தானுங்க பேசறேன்."

மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். போச்சு, ஆர்டர் போச்சு என்பது அத்தனை பேர் முகத்திலும் தெரிந்தது. சென்னியப்பன் கண்ணை மூடிக்கொண்டார்.

கோவிந்தராஜுலு ஒரு தொலைநோக்கியைக் கையில் எடுத்தார். டயலின் விளிம்பில் இன்னும் லேசாகச் சிவப்பு. அதை விரலால் தொட்டார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பூஜையா, இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே என்றார். சிரிப்புகூட வந்தது. எங்க ஊட்டுலயும் கம்ப்யூட்டருக்கு வெச்சு கீபோர்டு ரெண்டு நாள் வேலை செய்யல என்றார். இதையெல்லாம் ரிப்போர்ட்டில் எழுத முடியாது, நல்லாவும் இருக்காது; சும்மா அசெம்ப்ளி கோளாறு என்று போட்டுக்கொள்ளலாம்; நன்றாகத் துடைத்து, ரெண்டு சொட்டு ஸ்பிரே அடித்து, சாயந்திரம் வேனில் ஏற்றிவிடுங்கள்; மேடம் மேலே புது ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிடட்டும் என்றார்.

அப்பாடா என்று ஒரு மூச்சு அந்த இடம் முழுக்க வந்தது. சென்னியப்பன் கண்ணைத் திறந்தார். பாவாத்தாள், சாமி காரியம் எப்படிக் கெடும் என்று இன்னொரு டம்ளர் காபி ஊற்றினார். இளவேனில்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. கிளாடிஸின் கண்ணைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

உண்மையைச் சொன்னால் என்னென்னவோ ஆகும் என்று பயந்துகொண்டு வந்தாள். ஒன்றுமே ஆகவில்லை. மறுபடியும் ஸ்டிக்கர். மறுபடியும் அவள் பேர்.

"துடைச்சா உள்ள இருக்கறது போகாதுங்க சார்," என்றாள்.

போகலேன்னா அங்க வந்தப்பறம் பாத்துக்கலாமுங்க மேடம் என்றார் அவர். இன்னும் மரியாதையாகத்தான் பேசினார்.

கிளாடிஸ் பாவாத்தாளின் பக்கம் திரும்பினாள்.

"பெரியக்கா, இது எதுக்குன்னு தெரியுங்களா உங்களுக்கு?"

"தெரியாம என்ன. தூரத்துல இருக்கறத கிட்டக்க காட்டறது."

"காட்டறதோட நிக்கறதில்லீங்க. அங்க ஒருத்தன் நிப்பான். இங்க ஒருத்தன் படுத்துக்கிட்டு அவனப் பாப்பான். மீசை தெரியும், சட்டைப் பித்தான் தெரியும். அவனக் கொல்றதுக்குத்தான் இது. நீங்க ராசின்னு ஒன்பதுல நிறுத்துனீங்களே, அது ஒருத்தன் எத்தன தூரத்துல நின்னா சாவான்னு போட்டிருக்கற நம்பருங்க. இது சரியா இருந்தாலும் ஒருத்தன் செத்துப்போவான். அத நெனச்சு நான் தூங்காம இருந்திருக்கேன். ஆனா இது தப்பா இருந்தா, பாத்தவன் ஒருத்தன், சாகறவன் வேற ஒருத்தன். பக்கத்துல ஆடு மேய்க்கறவனா இருக்கலாம், நம்ம பட்டாளத்துப் பையனாவே இருக்கலாம். அவன் எவன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுமேலதான் என்ற பேர ஒட்டச் சொல்றாரு இந்த சார்."

பாவாத்தாள் கையில் இருந்த டம்ளரைப் பார்த்தார். அதைத் தம்பியிடம் நீட்டினார். அவரும் வாங்கவில்லை.

கிளாடிஸ் தன் பெஞ்சுக்குப் போய் சின்ன சாவியை எடுத்தாள். முதல் பெட்டியைத் திறந்து, டயலின் திருகைத் தளர்த்தி, டயலைக் கழற்றி, தட்டில் போட்டாள். உருண்டையும் ஸ்பிரிங்கும் கிண்ணத்தில். அடுத்த பெட்டி. என்னங்க பண்றீங்க என்று சென்னியப்பன் ஓடி வந்தார். கழட்டறனுங்க என்றாள். கழற்றிய டயலைப் பூட்டி, மறுபடி பெஞ்சில் வைத்துக் கோடு நிறுத்தாமல் ஒன்றையும் வேனில் ஏற்ற முடியாது என்பது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அதற்கு நாள்கணக்கில் ஆகும். அவர் சாவியைப் பிடுங்கக் கையை நீட்டினார். அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கை பாதியில் நின்றது.

கோவிந்தராஜுலுவுக்கு இப்போது சிரிப்பு இல்லை. இது கவர்மெண்ட் சாமானுங்க மேடம், நீங்க பாட்டுக்குக் கை வைக்கக் கூடாது என்றார். குங்குமம் வெக்கறப்ப ஆரு சாமானுங்க என்று கேட்டபடி அவள் மூன்றாவதைக் கழற்றினாள். பள்ளத்தில் அப்பியிருந்த சிவப்பை அவர் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டுத் தட்டில் போட்டாள். அதை அவர் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை.

சாயந்திரம் லோடு வராது என்றால் மேலே காரணம் சொல்ல வேண்டும். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு சென்னியப்பனைக் கேட்டார், என்னன்னு போடட்டுமுங்க.

சென்னியப்பன் தட்டைப் பார்த்தார். ஆட்களைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பாவாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொல்லித் தொலையேண்டா என்றார்.

"நாங்கதானுங்க தொறந்தோம். சீல் பிரிச்சு மறுபடி ஒட்டுனதும் நாங்கதானுங்க."

"மேடத்துக்குக் கண்ணு?"

"அதெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது."

சொல்லி முடித்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. அதற்கப்புறம்தான் அவருக்குக் கோபம் வந்தது; எல்லார் முன்னாலும் தன்னைச் சொல்ல வைத்துவிட்டாளே என்கிற கோபம். கோவிந்தராஜுலுவின் கார் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் பொறுத்திருந்துவிட்டு, பெஞ்சுக்கு வந்து, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாங்க்கா என்றார். அப்போதும் 'ங்க'தான்.

தட்டு நிறையக் கழற்றிய டயல்கள் கிடந்தன. பெட்டிகள் இன்னும் பாதி பாக்கி. கிளாடிஸ் அடுத்த திருகில் சாவியை நுழைத்தாள்.

"நான் வராம இதையெல்லாம் ஆருங்க பூட்டறது?" என்றாள். "பெட்ரோல் ஒரு கேன் வாங்கியாரச் சொல்லுங்க. கழுவோணும்."

சென்னியப்பன் அங்கேயே நின்றார். ஆட்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் சட்டைப் பையில் வண்டிச் சாவியைத் தேடினார்.